ஜீப்புக்குப் பின்னால் வைத்த பூஜ்யம்

புகையை அளக்கிற கையடக்க மீட்டர் ஒன்று இருந்தது. வேலை தொடங்குமுன் அதற்கு நல்ல காற்றைக் காட்டி, "இதுதான் உனக்குப் பூஜ்யம்" என்று பழக்க வேண்டும். அன்று அதைக் கொண்டு காற்றை அளக்க வந்த சகாயராணிக்கு அவசரம். ஓடிக்கொண்டிருந்த டீசல் ஜீப்புக்குப் பின்னாலேயே நின்று பொத்தானை அழுத்திவிட்டாள்.

மீட்டர் கண் விழித்ததே அந்தப் புகையில்தான். ஜீப்பின் கதகதப்பு அதற்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"மலைமேல வேலையை முடிச்சுட்டுச் சீக்கிரம் வந்துடு. நான் எஞ்சினை அணைக்காம இருக்கேன்" என்றது ஜீப்.

உச்சியில் காற்று ஓடிவந்து மீட்டரைத் தழுவியது. மீட்டரின் முகத்தில் எண் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது.

"ஏன், என்கிட்ட என்ன குறை?" என்று கேட்டது காற்று.

"உன்மேல குறையே இல்ல. எனக்குத்தான் இங்க எதுவோ இல்லாத மாதிரி இருக்கு. கீழ ஒருத்தர் எனக்காகக் காத்திருக்கார்."

எண்ணைப் பார்த்த சகாயராணி தலையில் அடித்துக்கொண்டாள். அங்கேயே மறுபடி பொத்தானை அழுத்திப் புதிதாகப் பூஜ்யம் வைத்தாள். மீட்டருக்கு மனசு கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஜீப்பின் நினைப்பு மட்டும் அப்படியே இருந்தது.

இறங்கும் வழியெல்லாம் அவள் தோளில் தொங்கியபடி ஒவ்வொரு வளைவையும் எட்டி எட்டிப் பார்த்தது. கடைசி வளைவில் எஞ்சின் சத்தம் கேட்டது.

"வந்துட்டியா!" என்றது ஜீப், அதே புகையோடு.

"வந்துட்டேன்" என்று சொல்லத்தான் மீட்டர் வாயைத் திறந்தது. கிளம்பியதோ, காதைப் பிளக்கும் அபாய அலறல்.

ஜீப் மெல்ல எஞ்சினை அணைத்துக்கொண்டது.