தொண்ணூற்று நான்காம் பக்கம்

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு மூன்றே நிமிடத்தில் முடிந்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் வேந்தர் சுவாமிகள் ஆய்வேட்டின் மேல் கை வைத்துக் கண்ணை மூடி, "சத்தியம்" என்றார். முதல் வரிசையில் இருந்த கல்வி அமைச்சர் எழுந்து கும்பிட்டார். சுவாமிகள் சத்தியம் என்று சொல்லிவிட்ட ஏட்டைக் கேள்வி கேட்பது சட்டப்படி குற்றம். ஆகவே தேர்வாளர்கள் பிரசாதச் சுண்டலைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

தாமரைச்செல்விக்குத்தான் மனசு ஆறவில்லை. ஆறு வருடம் கிணறு கிணறாகத் தண்ணீரைச் சோதித்து ராப்பகலாக உழைத்த ஏட்டில் ஒரு கேள்விகூடவா இருக்காது? வாசலில் தேர்வாளர் பரமசிவத்தை மறித்துக்கொண்டாள்.

"ஒண்ணாவது கேளுங்க சார். நீங்க படிச்சீங்கன்னு தெரிஞ்சா போதும்."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தொண்ணூத்தி நாலாம் பக்கம்மா. ஆர்சனிக் அளவுல புள்ளிய இடம் மாத்தி வச்சிட்டே. நல்ல தண்ணின்னு எழுதியிருக்கியே உங்க ஊர்ல பூட்டிக் கிடக்கிற கிணறு, அது விஷம்."

புரட்டிப் பார்த்தாள். உண்மைதான்.

"ஐயோ, இப்பவே திருத்திடுறேன் சார்."

"சுவாமி சத்தியம்னு சொன்னதையா? ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடுவாங்க."

அம்மாவுக்குப் போன் செய்தாள். "அம்மா, அந்தக் கிணத்துத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க!"

"பைத்தியமாடி உனக்கு?" பின்னால் மேளம் அதிர்ந்தது. "சுவாமி சொன்னத டிவியில பாத்த கையோட பூட்ட ஒடைச்சுத் திறந்துட்டாங்க. ஊரே வரிசையில நிக்குது. டாக்டரோட அம்மான்னு மொத சொம்பு எனக்குத்தான் குடுத்தாங்க."