ஆறாம் எண் மின்கம்பம்

கேரவன்கள் தங்கும் முந்தைய முகாமின் மட்டமான மின்சாரத்தில் எங்கள் கேரவனின் ஏசி கருகி, புதிது மாட்டும்வரை மூன்று நாள் வெயிலில் வெந்தோம். அதனால் இந்த அரிசோனா முகாமில் வோல்ட்டேஜ் காட்டும் காப்புக் கருவியைத்தான் முதலில் எங்கள் இடத்துக்கான இடுப்புயர ஆறாம் எண் மின்கம்பத்தில் செருகினேன். 120 வோல்ட், இந்த ஊருக்குச் சரியான அளவு. பிற்பகல் முழுக்க அது இறங்கவேயில்லை; புது ஏசியும் நிற்காமல் ஓடியது.

மாலையில் முகாம்காரர் வெண்டல் வந்து நின்றார். "இதுலயா கரண்ட் வருது? இதுக்கு வயரைப் பிடுங்கியே ஆறு வருஷம் ஆச்சே."

கம்பத்தை ஒரு கையால் தூக்கினார். கையோடு வந்துவிட்டது. அடியில் மண் மட்டும்தான் இருந்தது. கருவி அப்போதும் 120 காட்டியது.

உள்ளிருந்து என் மனைவி லோர்னா முனகினாள். "எதையும் நோண்டாதீங்க. இப்பதான் கண்ணை மூடுறேன்."

வெண்டல் என்னைப் பார்த்தார். இருவருமாகக் கம்பத்தை ஓசைப்படாமல் அதே குழியில் இறக்கி, சுற்றிலும் மண்ணை மிதித்துவிட்டோம்.