பாதி யானை

கர்பா நடனத்துக்காக ஜாக்ருதி தன் வீட்டில் ஊர்ஜாவின் முதுகில் தூரிகையால் வரைந்துகொண்டிருந்தபோது கனுபாய் உள்ளே வந்தார். குடியிருப்பின் தலைவர். பின்னால் கமிட்டி ஆட்கள் ரெண்டு பேர்.

ஊர்ஜா அவசரமாகத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பாதி வரைந்த யானை துணியில் ஈஷிக்கொண்டது.

"நவராத்திரி அம்பாளுக்கும்மா, முதுகுக்கு இல்ல" என்றார் கனுபாய்.

"பட்டோலாப் புடவையில இருக்கற யானைதான் கனுபாய் இது. கன்னத்துல வைக்கறது பாந்தினிப் புள்ளி. எல்லாம் நம்ம குஜராத்து டிசைன்தான்."

"புடவையில இருந்தா கலாசாரம். முதுகத் திறந்து போட்டு வரைஞ்சா அசிங்கம். இன்னியோட நிறுத்திக்கோ. இல்ல, வீட்டைக் காலி பண்ணு."

கமிட்டி ஆட்கள் தலையாட்டினார்கள். அவர்களுடைய கண் இன்னும் ஊர்ஜாவின் துப்பட்டா மேலேயே இருந்தது.

வருஷம் முழுக்க ஜாக்ருதி காத்திருந்தது இந்த நவராத்திரி சீசன் வருமானத்துக்குத்தான். ஊர்ஜா பாதி யானையோடு வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் கர்பா ஆடப் போகிற மற்றப் பெண்களுக்கு ஜாக்ருதி ஒவ்வொருத்தியாக போன் போட்டு, "வர வேண்டாம்மா" என்றாள். சாயக் கிண்ணங்களைக் கழுவும்போது அழுகை வந்தது.

மத்தியானம் கனுபாய் மறுபடி வந்தார். தனியாக. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். அதில் அவரே கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கார்ப்பரேஷன் எலெக்‌ஷன்ல எனக்கு சீட்டு கொடுத்துட்டாங்க."

"சந்தோஷம் கனுபாய்."

"கர்பா மைதானத்துல ஊரே கூடும். ஆடற பொண்ணுங்க முதுகுல என் முகத்தைப் பெருசா போட்டுடு. கீழ சின்னம்."

"காலையில அசிங்கம்னீங்களே?"

"சும்மா திறந்து கிடந்தாத்தாம்மா அசிங்கம். மக்கள் சேவகன் முகம் இருந்தா அது எப்படித் திறந்த முதுகாகும்?"

ஜாக்ருதி போட்டோவை வாங்கிப் பார்த்தாள்.

"வரையறேன். முதல்ல உங்க பொண்ணையும் மருமகளையும் அனுப்புங்க. நல்லா எடுப்பா இருக்கும்."

கனுபாய் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"என்னம்மா பேசறே? நாங்க கௌரவமான குடும்பம்."