க்னாக்

“ஐ வில் க்னாக்” என்றாள் அவள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஓட்டல் மேனேஜர். இன்னொருவர் அவருக்கும் மேலே உள்ள வெளிநாட்டுப் பெண்மணி. அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது.

மூடியிருக்கும் அறைக்குள் போவதற்கு முன் என்ன செய்வாய் என்பதுதான் கேள்வி. பதில் சரிதான். ஆனால் இரண்டு முகத்திலும் விளக்கு எரியவில்லை.

அவள் விரலை மடக்கி மேசையில் மூன்று தட்டு தட்டிக் காட்டினாள்.

“ஓ, நாக்!” என்றார் பெண்மணி.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ‘கே’ சும்மா பெயருக்கு நிற்கிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

அடுத்த பதிலில் ‘லிஸ்டென்’ வந்தது. அதற்கடுத்து ‘ரிசெய்ப்ட்’. மேனேஜர் சிரிப்பை இருமலாக மாற்றப் படாதபாடு பட்டார்.

எட்டு வருடமாக அவளுக்கு இதே ஓட்டலின் அடித்தளத்தில் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நீராவி. இனி ஒரு வருடம்கூட அங்கே நிற்கக் கூடாது, நுரையீரல் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து மாடியில் அறைகளை மேற்பார்வை செய்யும் வேலை காலியானது. விருந்தினர்களிடம் இங்கிலீஷில் பேச வேண்டும் என்றார்கள்.

படம் பார்த்தே கற்றுக்கொண்டேன் என்று அவள் மனுப் போட்டதும் சலவைப் பிரிவே கைகொட்டிச் சிரித்தது. சிரிக்கட்டும். மூன்று வருடமாக எத்தனை வார்த்தைகளை நோட்டில் எழுதி உருப்போட்டிருக்கிறாள்!

மனப்பாடம் செய்து என்ன? வாயைத் திறந்ததும் மானம் கப்பலேறிவிட்டது.

“கொஞ்சம் வெளியே உக்காருங்கம்மா, கூப்பிடுறோம்” என்றார் மேனேஜர்.

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. உள்ளே பேசுவது துளியும் கேட்கவில்லை. மூச்சு இழுத்தது. மறுபடியும் அதே நீராவிதான் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது, புருஷன் மேல்.

எல்லாம் அந்த மனுஷனால் வந்த வினை. மலிவாகக் கிடைத்தது என்று பழைய டிவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். படம் பளிச்சென்று தெரியும். சத்தம் மட்டும் வராது. “நாளைக்கே சரி பண்ணிடறேன்” என்றார். அந்த நாளைக்கு மூன்று வருடமாக விடியவில்லை.

அத்தனை இங்கிலீஷ் படத்தையும் அவள் ஊமைப்படமாகத்தான் பார்த்தாள். கீழே ஓடும் எழுத்து, மேலே அசையும் வாய். இந்த இரண்டும்தான் அவளுக்கு வாத்தியார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் மேனேஜர் கையை விரித்து என்னவோ சொன்னார். அவருக்கு மீசை அடர்த்தி, ஒன்றும் பிடிபடவில்லை. பெண்மணி தலையை ஆட்டி மறுத்தார். பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

மேல்பல் கீழுதட்டைத் தொட்டு விலகியது. உதடு லேசாகக் குவிந்து, பிறகு அகலமாகத் திறந்து மூடியது.

கிவ் ஹெர் எ சான்ஸ்.

படங்களில் எத்தனை அம்மாக்கள் எத்தனை நீதிபதிகளிடம் இதைச் சொல்வதைப் பார்த்திருக்கிறாள்! கீழே எழுத்து ஓடவே தேவையில்லை.

மேனேஜர் தோளைக் குலுக்கிவிட்டுச் சரியென்று தலையாட்டினார்.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் முறையாகப் புருஷனின் சோம்பேறித்தனத்தை மனதார வாழ்த்தினாள்.

கதவு திறந்தது. மேனேஜர் முகத்தைக் கம்பீரமாக வைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

“ரொம்ப தேங்க்ஸ் சார்!” என்று கைகூப்பினாள்.

மேனேஜர் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.