கண்ணாடியை மூடிய நாற்பது நாள்

எச்.ஐ.வி. மாத்திரையைக் குளியலறைக் கண்ணாடிதான் கொடுக்கும். காலையில் முகத்தைக் காட்டினால், இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லிவிட்டு ஒரு மாத்திரையைத் தள்ளும். தர்ஷிணிக்கு ஆறு வருடமாகப் பூஜ்யம் என்றே சொல்லி வந்தது.

நிர்வாணம் என்னும் பாலின மாற்று அறுவை முடிந்து அவள் வீடு திரும்பியதும், அவளை மகளாகத் தத்தெடுத்த பார்கவி அம்மா அந்தக் கண்ணாடியைப் போர்வையால் மூடினாள். திருநங்கைகள் வழக்கப்படி நாற்பது நாள் முகம் பார்க்கக் கூடாது.

"மாத்திரைக்கு என்னம்மா பண்றது?" என்றாள் மூத்த மகள் சஞ்சனா.

"ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன்டி. கண்ணாடியில மூஞ்சியக் காட்டாம தரமாட்டாங்களாம்."

"அப்பத் திறந்து விடு. நம்ம சடங்கு முடியட்டும்னு வைரஸ் காத்திருக்குமா?"

"அவளே சொல்லட்டும்."

"திறக்க வேணாம்," என்றாள் தர்ஷிணி. "பழைய மூஞ்சிய இனிமே பார்க்க மாட்டேன்."

நாற்பத்தோராம் நாள் மஞ்சள் பூசி, பச்சைப் புடவை கட்டி, பால் ஊற்றும் சடங்கையும் முடித்துப் போர்வையை எடுத்தார்கள். தர்ஷிணி கண்ணாடிமுன் நின்றாள்.

"வைரஸ் ஒன்றரை லட்சம்," என்றது கண்ணாடி. "உடனே மருத்துவமனைக்கு வரவும்."

கண்ணாடி மறுபடியும் அதையே சொன்னது.

"அதைக் கொஞ்சம் வாய மூடச் சொல்லுக்கா," என்றாள் தர்ஷிணி. "நான் இன்னும் பார்த்து முடிக்கல."