நாற்பத்தோராவது ஆள்

எங்கள் வீடியோ கேமில் சண்டையே கிடையாது. ஊரில் இருக்கும் நாற்பது பேரிடமும் பேசி, ஒவ்வொருவர் பெயரையும் தெரிந்துகொண்டால் ஆட்டம் முடியும். யோசனை முழுக்க எங்களோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுடையது. வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பு அவள் இறந்துபோனாள்.

“கடைசிவரைக்கும் இருந்தவங்க பேரைத்தான் போடுறது வழக்கம்” என்றார் டைரக்டர். முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவள் வரியை அழித்தவன் நான்தான்.

கேம் படுத்துவிட்டது. மொக்கை என்று எழுதினார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் எல்லா விமர்சனத்திலும் ஒரே குறை: நாற்பத்தோராவதாக ஒருத்தி இருக்கிறாள், பெயரைச் சொல்லமாட்டேன் என்கிறாள், ஆட்டம் முடியவே இல்லை.

நாங்கள் வரைந்தது நாற்பது பேரைத்தான்.

டைரக்டரும் நானும் போட்டுப் பார்த்தோம். பாலத்து ஓரமாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பெயர் கேட்டோம்.

“அதான் உங்களுக்குத் தெரியுமே சார்” என்று திரையில் எழுத்து வந்தது. கீழே, நிரப்புவதற்கு ஒரு காலிக் கட்டம்.

“அடிச்சுத் தொலைப்பா” என்றார் டைரக்டர்.

கீபோர்டில் கை வைத்தேன். நாலு வருஷம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள். பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை.

“நீங்க சொல்லுங்க சார்” என்றேன்.

அவரும் அந்தப் பெயருக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.