முன்சீட்டுப் பேச்சு

“அது போலீஸ் வண்டின்னு உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே தெரியுது?” என்று ஓட்டல் வாசலில் காவலாளி கேட்டான்.

“வாசனை வரும்டா” என்று லாண்டரிக்காரர் சிரித்தார்.

அது போன வாரம். இன்று அழுக்குத்துணி மூட்டைகள் நிறைந்த வேனில், கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, அவர் மனைவிக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

போலீஸ் என்று எழுதாத அந்தச் சாம்பல் நிறக் கார் வந்ததிலிருந்து ஊரில் வேறு பேச்சே இல்லை. மேலே விளக்கு கிடையாது. உள்ளே இருப்பவர்கள் சாதாரணச் சட்டைதான் போட்டிருப்பார்கள்.

போலீஸ் என்றால் போலீஸ் மாதிரி வர வேண்டும், மாறுவேஷம் போட இது என்ன நாடகமா என்பது காவலாளியின் கட்சி. தெருமூலையில் முடி வெட்டுகிறவர் அதை வழிப்பறி என்றே சொன்னார். கார் எங்கே நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள போனில் ஒரு குரூப்பும் ஆரம்பித்திருந்தார்கள். ஓட்டல் சமையல்காரர் மட்டும், சீருடையைப் பார்த்தால்தான் ஒழுங்காக ஓட்டுவேன் என்கிறவனை வேறு எப்படிப் பிடிப்பதாம் என்று கேட்டு எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் துணி எடுத்துப் போடும் பெண் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. விபத்து வார்டு விரிப்புகளைத் தனி மூட்டையாகக் கட்டித் தள்ளி, ஊறவைத்துத் துவைக்கச் சொல்வாள், அவ்வளவுதான்.

அந்த மூட்டையை அவிழ்ப்பவள் லாண்டரிக்காரரின் மனைவி.

சாம்பல் காரைக் கண்டுபிடிப்பவளும் இவள்தான். அளவுக்கு மீறிய சுத்தம், முன்னால் இரண்டு ஆண்கள், இருவருக்கும் நடுவே பேச்சில்லை. பார்த்ததும், “ஏங்க, வருது” என்பாள். அவர் வேனை ஓரங்கட்டி இறங்கி, மூட்டைகளைச் சரிசெய்வது போல நிற்பார். கார் போய்விட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் கிளம்புவார்.

பேர் அவருக்கே போகட்டும். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு விட்டுக்கொடுப்பதில் அவளுக்கு ஒரு சுகம்.

மற்ற நேரமெல்லாம் அவள் வாய் ஓயாது. அக்கா ரேடியோவுக்குப் பொத்தானே கிடையாது என்று காவலாளி கிண்டல் செய்வான். சிவப்பு விழுந்துவிட்டதே, இனி எப்போது பச்சை வருமோ என்று அலுத்துக்கொள்வாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக ரோட்டைக் கடக்கிற அழகைப் பாருங்கள் என்பாள். முன்னால் நிற்கிற பஸ்காரனைத் திட்டுவாள். அவர் முகம் கோணாமல் கேட்டுக்கொண்டே ஓட்டுவார்.

ஒன்றை மட்டும் அவள் பேசியதில்லை.

வண்டி ஓட்டுவதை விட்டுவிடுங்கள் என்று கேட்க வேண்டும். போன மழைக்காலத்திலிருந்து அது தொண்டையிலேயே நிற்கிறது. ஒருமுறை, ஓட்டுவதற்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அன்று அவர் சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் அவள் எழுந்திருப்பதற்குள் வேனைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்.

இன்று காலை, கடைத்தெருத் திருப்பத்தில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

குனிந்து இருமி நிமிர்ந்தபோது, ஒருத்தி தன் குழந்தையை இழுத்துக்கொண்டு பின்னால் தாவுவது தெரிந்தது. குழந்தையின் செருப்பு ஒன்று ரோட்டிலேயே கிடந்தது. வேன் வேகம் குறையாமல் அதன்மேல் ஏறிப் போனது.

அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

“குடிம்மா. நேத்துலேர்ந்து இருமிக்கிட்டே இருக்கே, டாக்டர்கிட்ட காட்டிடலாமா?”

குடித்தாள். பாதி மடியில் கொட்டியது.

பாலத்தில் இறங்கும்போது பக்கக் கண்ணாடியில் சாம்பல் கார் தெரிந்தது.

அவள் முன்னால் போகிற லாரியைப் பற்றிப் பேசினாள். ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிற சைக்கிளைப் பற்றிப் பேசினாள். காரைப் பற்றிப் பேசவில்லை.

வேன் வெள்ளைக் கோட்டை மெல்லத் தாண்டியது. திரும்பி வந்தது. மறுபடி தாண்டியது. கார் முந்திக்கொண்டு வந்து மறித்தது. நிறுத்தச் சொல்கிறார்கள் என்று அவள்தான் சொன்னாள்.

இறங்கி வந்தவர் அடையாள அட்டையைக் காட்டி, லைசென்ஸையும் சாவியையும் வாங்கிக்கொண்டார். குடித்திருக்கிறாரா என்று முகத்தருகே குனிந்து பார்த்தார். இல்லை.

கணவர் சிரித்தார். இத்தனை வருஷத்தில் தன் பேரில் ஒரு கேஸ் கிடையாது என்றார். இவள் பக்கத்தில் பேசிக்கொண்டே வந்ததில் கவனம் சிதறிவிட்டது என்றார்.

வந்தவர் முகம் இளகியது. அவர் வீட்டிலும் பேசுகிற மனைவி ஒருத்தி இருக்க வேண்டும். லைசென்ஸைக் கணவரின் மடியில் போட்டுவிட்டு, சாவியை நீட்டியபடி ஜன்னலில் குனிந்தார்.

“ஏம்மா, வழி நெடுக இப்படிப் பேசினா அவர் எப்படி ஓட்டுவாரு? கொஞ்சம் பேசாம வாங்க.”

கணவரின் கை சாவியை வாங்க நீண்டது. சாவிக்கு ஒரு சாண் தள்ளி, வெறுங்காற்றில் தடவியது.

“நான் பேசாம வந்தா இவரால ஓட்ட முடியாது சார்” என்றாள். “சிவப்பா பச்சையான்னு நான்தான் சொல்லணும். அந்தச் சாவியைக் கொடுத்துடாதீங்க.”

பிறகு, இன்னும் தேடிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதுங்க. வண்டியை விட்டுடுங்க.”